உங்களுக்குத் தெரியுமா? எண்ணிப் பார்த்தவர்கள் எழுதவைத்த சட்டங்கள்

உயிரைக் காப்பவர் யார் என்று கேட்டால் டாக்டர், நர்ஸ், 108 ஆம்புலன்ஸ் டிரைவர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அரசிதழில் வருகிற இரண்டு பக்க அறிவிக்கைக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. ஆனால் எந்தச் சட்டம் உயிரைக் காக்கும், எது ஏட்டுச் சுரைக்காயாகப் போகும் என்பது அதை எழுதுகிறவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. சட்டத்துக்கு முன்னால் எத்தனை பேர் செத்தார்கள், பின்னால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யாராவது பொறுமையாக உட்கார்ந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணியவர்களால் நடந்த சில காரியங்கள் இங்கே.

இலங்கையில் பிழைத்த 93,000 பேர்

1950-இல் இலங்கையில் லட்சம் பேரில் 8 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 1995-இல் அது 47 ஆகிவிட்டது. அன்றைக்கு உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. போர், வறுமை, குடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் விஷம் குடித்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் கண்டது வேறு. வந்தவர்களில் பெரும்பாலோர் சாவதென்று நாள்கணக்கில் முடிவு செய்து வைத்திருந்தவர்கள் இல்லை. வீட்டில் ஒரு சண்டை, அந்த நேரத்து ஆத்திரம், வயலுக்கென்று வாங்கி மூலையில் வைத்திருந்த பூச்சி மருந்து, அவ்வளவுதான். அதே ஆத்திரத்தில் வேறொன்றைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

1980-இல் வந்த பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம், எந்த மருந்தை நாட்டுக்குள் விடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பதிவாளர் ஒருவரிடம் கொடுத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்து, ஆளைக் கொல்லும் வீரியம் கூடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 1995-இல் ஒரு பெரிய தடை வந்தது. 1998-இல் இன்னொன்றும், 2008-க்கும் 2011-க்கும் இடையில் மேலும் மூன்று மருந்துகளுக்கான தடையும் தொடர்ந்தன. இதற்கிடையில் 2005-க்குள்ளேயே விகிதம் 47-லிருந்து 24-க்கு இறங்கிவிட்டது.

தடைதான் காரணமா? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னல், எடின்பரோவின் மைக்கேல் எடில்ஸ்டன் ஆகியோரும் இலங்கை ஆய்வாளர்களும் இதைத் துருவிப் பார்த்தார்கள். வேலையின்மை, மதுவிற்பனை, விவாகரத்து, போர் நடந்த ஆண்டுகள் என்று எதை வைத்துப் பார்த்தாலும் இந்தச் சரிவோடு பொருந்தவில்லை. விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், மாற்றம் அங்கேதான். விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயமும் வீணானது. தடைகளால் மகசூல் குறைந்ததற்கு அடையாளமே கிடைக்கவில்லை. 1995 முதல் 2015 வரை தப்பிய உயிர்கள் 93,000 என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்தப் பத்தியில் இருக்கிற எண்களில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

நம் பக்கத்திலும் இதே யோசனையோடு ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவும், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொது அறையில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்ததும் இந்த வழியில்தான்.

(மனம் தாங்க முடியாத பாரத்தில் இருந்தால் தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926. பேசுங்கள்.)

பாக்கெட்டுக்கு எத்தனை மாத்திரை?

அளவுக்கு மீறி விழுங்குவதைத் தடுக்க, 1998-இல் பிரிட்டன் பாராசிட்டமால் பாக்கெட்டைச் சிறிதாக்கியது. சாதாரணக் கடையில் 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32. ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் குழு 11 ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அந்த மாத்திரையால் நேர்ந்த மரணங்கள் 43 சதவீதம் குறைந்திருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 765 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருந்தன என்பது அவர்கள் கணிப்பு.

பால்பல் சொன்ன சாட்சி

என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கம் 1920-களில் அமெரிக்காவில் தொடங்கியது. ஈயம் விஷம் என்பது ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. புகையோடு வருகிற இத்தனூண்டு ஈயம் ஒன்றும் செய்யாது என்று தொழில் துறையினர் ஐம்பது ஆண்டுகள் சாதித்தார்கள்.

ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற குழந்தை மருத்துவர், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைக் கேட்டு வாங்கினார். ரத்தத்தில் ஈயம் வந்து போகும், பல்லில் தங்கிவிடும். நோய் எதுவும் இல்லாமல் ஓடியாடுகிற பிள்ளைகள்தான் அவர்கள். ஆனால் பல்லில் ஈயம் கூடியிருந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது, வகுப்பில் கவனம் நிற்கவில்லை. 1979-இல் இது வெளியானது. 1991-இல், அவர் ஆய்வில் மோசடி செய்தார் என்று ஈயத் தொழிலோடு தொடர்புள்ள இரண்டு ஆய்வாளர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் மோசடி ஏதும் இல்லை என்று தெளிவானது. அதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில், ரீகன் அரசு ஈயக் கட்டுப்பாட்டைத் தளர்த்த யோசித்தது. அந்தச் சமயத்தில், 1976 முதல் 1980 வரை நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கு கைக்கு வந்தது. விற்பனையான ஈயப் பெட்ரோலின் அளவு இறங்க இறங்க, மக்கள் ரத்தத்தில் ஈயமும் அதே சாய்வில் இறங்கியிருந்தது, மொத்தம் 37 சதவீதம். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடந்த அந்த வரைபடத்துக்குப் பிறகு தளர்த்தும் பேச்சு எடுபடவில்லை. 1985-இல் விதி இன்னும் கடுமையானது: ஒரு கேலனுக்கு 1.1 கிராம் ஈயம் இருந்த இடத்தில் 0.1 கிராம்தான் அனுமதி. சிகிச்சைச் செலவையும் பிள்ளைகளின் படிப்பு இழப்பையும் பணமாக்கிப் பார்த்ததில், கட்டுப்பாட்டால் ஆகும் செலவைவிடக் கிடைக்கும் ஆதாயம் பல மடங்கு அதிகம் என்று அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வாளர்களே காட்டினார்கள்.

இந்தியாவில் வாகனப் புகை பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் அழுத்தத்தில், 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

சென்னையில் நின்ற காப்புரிமை

ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து இமாட்டினிப். நோவார்ட்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றபோது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள். இந்த வித்தியாசத்தை நிலைக்க வைத்தது சட்டத்தில் உள்ள ஒரு சின்ன உட்பிரிவு.

2005-இல் இந்தியா காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஏற்கனவே தெரிந்த மருந்தின் உருவத்தை லேசாக மாற்றி மறுபடி 20 ஆண்டு உரிமை கேட்கும் வழக்கம் பற்றிச் சட்ட ஆய்வாளர்களும் நோயாளி அமைப்புகளும் எச்சரித்திருந்தார்கள். அதற்கு அணையாக வந்ததுதான் 3(டி) பிரிவு: புது வடிவம் நோயைக் குணப்படுத்துவதில் மேம்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் காப்புரிமை இல்லை.

அந்தப் பிரிவின் முதல் பெரிய சோதனை நடந்தது சென்னையில். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதிசெய்தது. பிலிப்பைன்ஸ் 2008-இலேயே இதே போன்ற விதியைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. மலிவு விலை மருந்துக்காக இந்தியாவை நம்பியிருந்த ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு இந்தத் தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1939-இன் சட்டம்

பொதுச் சுகாதாரத்துக்கென்றே விரிவான சட்டம் இயற்றிய முதல் இந்திய மாகாணம் சென்னை. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், தாய்சேய் நலம் எல்லாம் அதில் உண்டு. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயமே உண்டு; கூட்டம் கூடும் இடத்தில் காலரா வரும் என்பது அன்றைக்குப் பட்டு அறிந்த பாடம்.

மோனிகா தாஸ் குப்தாவும் சக ஆய்வாளர்களும் உலக வங்கிக்காகத் தமிழ்நாட்டை ஆராய்ந்தபோது மூன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், தனி நிதி, பின்னால் நிற்கும் இந்தச் சட்டம். மற்றப் பல மாநிலங்களில் ஆஸ்பத்திரி வேலையே நோய்த் தடுப்பு வேலையை விழுங்கிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கொள்ளைநோய் பரவாமல் போனதற்கும் இந்தக் கட்டமைப்பே காரணம் என்றார்கள். சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். அவர் கையில் இருப்பது எண்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவரும் சட்டம்.

ஹெல்மெட் போனதும் திருட்டு குறைந்ததும்

1975 வாக்கில் அமெரிக்க மாநிலங்களில் 47-இல் ஹெல்மெட் கட்டாயம். சட்டம் போடாத மாநிலங்களுக்கு நிதியைப் பிடித்துவைக்கும் மத்திய அரசின் அதிகாரத்தை 1976-இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை நீக்கின, அல்லது தளர்த்தின. அந்த மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் மரணங்கள் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியதாக 1980-இல் வந்த ஆய்வு காட்டியது. எந்த ஆராய்ச்சியாளரும் இப்படியொரு சோதனையைச் செய்யத் துணியமாட்டார். அரசியல் அதைச் செய்துவிட்டது.

மேற்கு ஜெர்மனியில் 1980-இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம் வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் திருட்டு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தலையில் ஒன்றுமில்லாமல் வண்டியைக் கிளப்பினால் முதல் தெருமுனையிலேயே போலீஸ் நிறுத்திவிடும் அல்லவா!

யாருக்கும் பிடிக்காத நிறம்

2012 டிசம்பர் முதல் ஆஸ்திரேலியாவில் எல்லா சிகரெட் பெட்டிகளும் ஒரே நிறம். எந்த நிறம் மிகவும் அருவருப்பாக இருக்கிறது என்று புகைப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கேட்டு ஆய்வு செய்து தேர்ந்தெடுத்த மங்கிய கரும்பழுப்பு அது. முதலில் அதை 'ஆலிவ் பச்சை' என்றார்கள். ஆலிவ் விவசாயிகள் சங்கம் ஆட்சேபித்ததும் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள்.

பிலிப் மோரிஸ் நிறுவனம் தன் ஆசியக் கிளையை வைத்து, ஹாங்காங்கோடு ஆஸ்திரேலியா செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் வழக்குப் போட்டது. வழக்குப் போடுவதற்காகவே பங்குகளைக் கைமாற்றியது முறைகேடு என்று 2015-இல் நடுவர் மன்றம் தள்ளுபடி செய்தது. நம் பக்கத்துக் கேரளம் இதில் முன்னோடி. பொது இடத்தில் புகைப்பதற்கு அங்கே உயர் நீதிமன்றம் 1999-லேயே தடை போட்டது. நாடு தழுவிய புகையிலைச் சட்டம் வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.

உப்பில் விட்டதும் பிடித்ததும்

இமயமலை அடிவாரக் காங்கரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும், மற்றப் பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் போன இடத்தில் கழுத்துக்கழலை இறங்கியது. 1962-இல் தேசியத் திட்டமே வந்தது.

அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்க இருந்த தடையை, மக்கள் விருப்பத்தில் கைவைக்கக் கூடாது என்று 2000-இல் மத்திய அரசு நீக்கியது. தேவையான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 49 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 30 சதவீதமாகச் சரிந்தன. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துச் சிறு உப்பளக்காரர்களின் கஷ்டமும் உண்மை. அதற்கு மானியமும் இயந்திரமும் தந்திருக்கலாம். கருவில் இருக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சியை விலையாகக் கொடுத்திருக்க வேண்டாம். 2006 மே மாதம் தடை திரும்பி வந்தது.

அம்மா சாப்பிட்ட மதிய உணவு

சமைத்த மதிய உணவு அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வேண்டும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாடு 1956-லும் 1982-லும் நடந்த பாதையில் மற்ற மாநிலங்களும் நடந்தாக வேண்டியதாயிற்று. 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னதைக் கேளுங்கள்: சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள் நல்ல உயரமாக வளர்கிறார்கள். சத்துணவு அம்மா அன்று போட்ட சோறு, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சுருக்கமாக இரண்டு

டால்டா வகைக் கொழுப்பில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத உச்சவரம்பு விதித்த முதல் நாடு டென்மார்க், 2003-இல். இந்தியாவில் அதே வரம்பு 2022 ஜனவரியில் வந்தது.

பிரிட்டன் 2016-இல் குளிர்பான வரியை அறிவித்து, வசூலை 2018-இல்தான் தொடங்கியது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி கிடையாது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. அரசு எதிர்பார்த்ததும் அதைத்தான்.

எண்ணக் கூடாது என்று ஒரு சட்டம்

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் நடந்த ஆய்வு 1993-இல் சொன்னது. துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 1996-இல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க அந்த நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜே டிக்கி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். துப்பாக்கிக் காய ஆராய்ச்சிக்கு முந்தைய ஆண்டு செலவான 26 லட்சம் டாலரும் வெட்டப்பட்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்தத் துறை முடங்கிக்கிடந்தது. டிக்கியே பின்னாளில் மனம் மாறி, ஆராய்ச்சி வேண்டும் என்று 2012-இல் எழுதினார். நிதி மறுபடி ஒதுக்கப்பட்டது 2019 டிசம்பரில்.

கடையில் ஒரு நாற்காலி

கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1899-இல். தமிழ்நாட்டில் அந்த உரிமை 2021-இல் வந்தது, கேரளத்துக்கு அடுத்தபடியாக. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றதைப் பார்த்துத்தான் இங்கேயும் கதவு திறந்தது. பத்து மணி நேரம் நின்று புடவை விரித்துக் காட்டுகிறவருக்குக் கால் நரம்பு சுருண்டுகொள்வது விதியல்ல. அடுத்த தடவை ஜவுளி எடுக்கப் போகும்போது அங்கே ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இல்லை என்றவர்களுக்கு எதிரான கணக்கு

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவது 1993-லேயே சட்டப்படி குற்றம். எங்கள் மாநிலத்தில் அந்த வேலையே இல்லை என்று அரசுகள் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தன. சஃபாய் கர்மசாரி அந்தோலன் அமைப்பினர் ஊர் ஊராகப் போய் ஆட்களையும் இடங்களையும் பதிவுசெய்து கொண்டுவந்து வைத்தார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது; 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் குழிக்குள் ஆள் இறங்குகிறார் என்றால், அது பொறுக்க முடியாத அநியாயம்.

உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை

சாலை விபத்தில் அடிபட்டவரைச் சுற்றி நின்றவர்கள் ஏன் தூக்கவில்லை? சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-இல் எடுத்த கணக்கெடுப்பில் 74 சதவீதம் பேர் உதவத் தயங்குவோம் என்றார்கள். கல்நெஞ்சம் காரணமில்லை. போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்று அலையவேண்டி வருமே என்ற பயம்தான். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் சாலை மரணங்களில் பாதியைத் தவிர்க்கலாம் என்று சட்ட ஆணையத்தின் 201-ஆவது அறிக்கை 2006-லேயே சொல்லியிருந்தது. பயத்தை அளந்து காட்டிய பிறகு அதை எடுக்க வழி பிறந்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பை உறுதிசெய்தது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே ஏறிவிட்டது.

ஆகவே இதை நினைவில் வையுங்கள். அடிபட்டவரை நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உங்கள் பெயர், முகவரியைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அங்கேயே காத்திருக்கச் சொல்லவோ, பணம் கட்டச் சொல்லவோ முடியாது. தமிழ்நாட்டில் விபத்து நடந்தால், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்ற பேதமில்லை. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்தில் இருங்கள்.